துரை கதவு வைக்காத வாசல்

ஜெயங்கொண்டத்துப் பஸ் வந்து திரும்பும் கடைசி ஊர் அது. அங்கே கொள்ளிடக் கரையில் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய மண்டபம் உண்டு. ஓடம் கவிழ்ந்து செத்த தம்பியின் நினைவாக, உடல் ஒதுங்கிய துறையிலேயே கட்டினான். நூற்று முப்பது வருஷம் இருக்கும். மேலே எட்டுத் தூணும் கூரையும், கீழே வெறும் கூடம். கூடத்துக்கு மேற்கே மூன்றும் கிழக்கே மூன்றுமாக வளைவு வாசல்கள். ஒன்றுக்கும் கதவு கிடையாது. வாசல் வைத்த துரை கதவு வைக்க மறந்துபோனான் என்று ஊரே சிரிக்கும். எதையாவது பாதியில் விட்டவனைப் பார்த்து, "என்னடா, தொர வேலையா?" என்று கேட்பார்கள்.

எழுபத்தேழாம் வருஷம் சித்திரையில், துரையின் மறதியைத் திருத்தப் பஞ்சாயத்துத் தலைவர் நடராசனுக்கு ஆசை வந்தது. கூடத்தில் உர மூட்டை அடுக்கலாமே! கொத்தனார் செல்லக்கண்ணு மேற்கு வாசல் மூன்றையும் செங்கல் வைத்து அடைத்தான். கிழக்கே தகரக் கதவு போட்டான். சித்தாள் வேலை பார்த்தது அவன் பெண்டாட்டி பொன்னாயி. கலவையில் ஒரு சட்டி மணல் கூடினால் தெருவே கேட்கத் திட்டுவான். ஒரு பிடி சிமெண்டு திருடாத கொத்தனார் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவன்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அதை இவ்வளவு ஒழுங்காகச் செய்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

ஐப்பசி கடைசியில் புயல் அடித்தது. மறுநாள் காலை ஊருக்கு மேற்கே கரை உடைந்தது. கூரை வீடுகள் மிதக்கத் தொடங்க, பிள்ளையும் ஆடுமாக நாற்பது பேர் மண்டபத்து மாடியில் ஏறிக்கொண்டார்கள். செல்லக்கண்ணு தன் சாமான் பையை விடாமல் தூக்கி வந்திருந்தான்.

பதினொரு மணிக்கு, காலடியில் தரை அதிர்வதை அவன் உணர்ந்தான். மாட்டு வண்டி பாலத்தில் போவது போல ஒரு மெல்லிய அதிர்வு. மற்றவர்கள் மழைச் சத்தத்தில் கவனிக்கவில்லை. அவன் பையிலிருந்து சுவர் நேர் பார்க்கும் தூக்குக் குண்டை எடுத்து, காற்று படாத உள் தூணின் உச்சியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டான். நேராக நிற்கும் தூணென்றால் நூல் மேலிருந்து கீழ்வரை ஒட்டி நிற்கும். அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. தூண் சாய்ந்திருந்தது.

எட்டிப் பார்த்தான். மேற்கே, அவன் அடைத்த சுவரில் ஆற்று வெள்ளம் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஏறி மோதிக்கொண்டிருந்தது. கிழக்கே பாதி உயரம்கூட இல்லை. தகரக் கதவுகள் எப்போதோ போய்விட்டன. துரை எதையும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. வெள்ளம் வந்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகட்டும் என்றுதான் அத்தனை வாசலையும் திறந்துவைத்திருந்தான். வழியை அடைத்துவிட்டதால் இப்போது ஆறு மண்டபத்தையே தள்ளிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க! செல்லக்கண்ணு கட்டுன செவுரு, யானை முட்டினாலும் அசையாது!" என்று நடராசன் எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்லக்கண்ணு மறுபடி தூணருகே போனான். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் பயத்தில் தண்ணீரில் குதிப்பார்கள். நூலைப் பார்த்தான். இப்போது ஒன்றரை விரல்.

பொன்னாயியின் காதில் மட்டும் சொன்னான். அவள் குனிந்து நூலைப் பார்த்தாள். "கட்டுனது நீதானய்யா. நீயே போய் இடி."

"எனக்கு நீச்சல் தெரியாது புள்ள."

"கவுத்த நான் புடிக்கிறேன்."

யாரோ கொண்டுவந்திருந்த மாட்டுக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுத்தியலும் உளியுமாகச் சுவரோரப் படிகளில் இறங்கினான். படியில் பொன்னாயியும், விஷயம் தெரியாமலே உதவிக்கு வந்த நாலு பேரும் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். உர மூட்டைகள் காலில் இடறின. நடு வாசல் சுவரில் உளியை வைத்து அடித்தான். உளி எகிறியது. இன்னும் பலமாக அடித்தான். பொரிந்து விழுந்தது ஒரு நகக்கண் அளவு. வாழ்க்கையில் முதல் தடவையாக, கொஞ்சம் திருடித் தொலைத்திருக்கலாமே என்று நினைத்தான். மேலே கூரையில் எதுவோ முறிவது கேட்டது. அவனுக்கு அழுகை வந்தது.

"இந்தாய்யா!" படியிலிருந்து பொன்னாயி கத்தினாள். "வடவண்டை வாசல்ல அடி! அன்னிக்கு சிமெண்டு பத்தல. மணலத் தூக்கலா போட்டுக் கலந்துட்டேன். சொன்னா நீ திட்டுவியேன்னு சொல்லல!"

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வடக்கு வாசலுக்குப் போனான். நாலாவது அடியில் உளி இறங்கியது. ஆறாவது அடியில் ஒரு செங்கல் ஆடியது. பத்தாவது அடியில் அது உள்ளே வந்து விழ, பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சி அவன் நெஞ்சில் அறைந்தது. அடுத்த கணம் சுவரே இல்லை. செங்கல்லும் சேறுமாக ஆறு உள்ளே பாய்ந்து அவனைப் புரட்டியது. கிழக்கு வாசலுக்கு வெளியே அவன் கால்களை வெள்ளம் இழுத்துவிட்டது. செத்தேன் என்று நினைத்தபோது கயிறு இடுப்பை வெட்டி இழுத்தது.

மேலே கொண்டுவந்து கிடத்தியதும் அவன் கேட்டது நூலைப் பற்றித்தான். இரண்டு விரல். எல்லோரும் சுற்றி நின்று ஏதேதோ கேட்டார்கள். அவன் கண் நூலைவிட்டு அகலவில்லை. கீழே தண்ணீர் கூடத்துக்குள் புகுந்து போகும் இரைச்சல் கேட்டது. வெகுநேரம் கழித்துப் பார்த்தபோதும் இரண்டு விரல்தான். தரையின் அதிர்வும் அடங்கியிருந்தது.

பொன்னாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கயிறு அறுத்து அவள் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன.

"இப்பத் திட்டு," என்றாள்.

  அவன் அவள் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் நூலைப் பார்த்தான்.