மதிவதனி எடுத்த கரண்ட் கட் வகுப்பு

...இவளை டீக்கடைக்குள் விட்டிருக்கவே கூடாது, ஆனால் செங்கம் ரோட்டில் வண்டியை ஓட்டிவந்தது அவள், பின்னால் உட்கார்ந்தவன் பேச்சை யார் கேட்கிறார்கள், உள்ளே பார்த்தால் சக்கரபாணி, நான் சொல்வதை நம்பாத ஒரே ஆள், பெஞ்சில் எனக்கு இடம் ஒதுக்கிக்கொண்டு சிரிக்கிறான். என் பேத்தி மதிவதனி எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிக்கிறாள், கோடை வகுப்புக்கு ஜெர்மனிக்குப் போய் நேற்றுத்தான் திரும்பினாள், இதுவரை நிஜம்... மீதி இந்தக் கடையில் நான் அளந்த கதை, என் கைவேலை. அங்கே புரொபசர்கள் கரண்ட் கட்டையே கண்டதில்லை, பாடம் நடத்தச் சொல்லி இவளைக் கெஞ்சினார்கள், இவள் மெயின் சுவிட்சை அணைத்து ஆளுக்கொரு பனையோலை விசிறி கொடுத்தாள், ஒரு புரொபசர் இருட்டில் அழுதேவிட்டார். அழுகையைச் சேர்க்காமல் விட்டிருக்கலாமோ? இல்லை, அதை வைத்துத்தான் ஊர் நம்பியது.

“ஏம்மா, கரண்ட்ட அணைச்சு விசிறி குடுத்தியாம், புரொபசர் அழுதாராம், உன் தாத்தா வுட்டதெல்லாம் நெசமா?” கேட்டுவிட்டான் சக்கரபாணி. டீ ஆற்றிக்கொண்டிருந்த குமரேசன் கையை நிறுத்திவிட்டான்... இத்தனை வருஷமாகச் சேர்த்த பெயர், இவள் ஒரு ‘இல்ல’ சொன்னால் நாளை முதல் இந்தப் பெஞ்சில் நான் வெறும் கிழவன். மதிவதனி சக்கரபாணியைப் பார்த்தபடி நிதானமாக ஒரு வாய் குடித்தாள். “விசிறிதான் பத்தல தாத்தா. பாதிப் பேர நோட்டால விசிறிக்கச் சொன்னேன். அழுதாரே, அவரு இன்னும் மெயில் போடறாரு, கொசு அடிக்க எப்ப கிளாஸ்னு.”

“போச்சு, பரம்பரையே இப்படித்தானா,” என்றான் குமரேசன். சக்கரபாணி விடவில்லை. “அப்ப மறுபடியும் போவியா?”

“போறேன். மேல்படிப்புக்கு சீட்டு குடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம்.”

இதுவும் கதைதான் என்று கடையே சிரித்தது, நான்தான் ஜாஸ்தி சிரித்தேன், சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன்... கொசுவைச் சொன்னபோது இருந்த அதே முகம், கண் இமைக்கவில்லை, உதட்டோரம் கூட அசையவில்லை. ஆனால் ரெண்டு வருஷம் என்று அவ்வளவு மொட்டையாகவா பொய் சொல்வார்கள்? நானாக இருந்தால் விமானத்தையே பக்கத்திலிருக்கும் அடி அண்ணாமலையில் இறக்கி ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருப்பேனே... இவள் ஒன்றும் சேர்க்கவில்லை. கேட்டுவிடலாமா? கேட்டால் இதே முகத்தோடு ஏதோ ஒன்று சொல்வாள், அது நிஜமா கதையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை, அடடா, என் எதிரில் உட்கார்ந்து இத்தனை காலமும் சக்கரபாணி பட்ட பாடு இதுதானா...