கால் வலி என்று சொல்லியாகிவிட்டது

1

இந்தக் கதை திருட்டுக் கதை. அல்சூர் மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "எங்க பொண்ணுக்குக் கால் வலி, ஓடுவாளோ மாட்டாளோ தெரியல" என்று பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெண் நன்றாகத்தான் இருந்தாள். அம்மா பேசி முடித்ததும் மெல்லத் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டேன்.

2

முதல் வரி: [அல்சூர் ஏரியின் மேல் காலைப் பனி ஒரு மெல்லிய] பாதியிலேயே கோடு போட்டு அடித்துவிட்டேன். பெங்களூர்க் கதை என்றால் பனி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா?

நேராக வருகிறேன். பெண்ணுக்கு ஆஷா என்று பெயர் வைத்தேன். எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. அம்மா ரஞ்சிதம். கோலார் தங்கவயலை விட்டு ஜீவனஹள்ளிக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் பெண்ணுக்குக் கால் வலி என்று ரஞ்சிதம் தெருவெல்லாம் சொல்லிவைப்பார். கண் பட்டுவிடக் கூடாதே.* ஆஷா தோற்றால் தெருவே சொல்லும், "கால் மட்டும் நல்லா இருந்திருந்தா..." வாங்கிய மெடல்களைவிட அந்த அரை வாக்கியம் அவளுக்கு இதமாக இருந்தது. பிறகு வலி நிஜமாகவே வர ஆரம்பித்தது. அம்மா சொன்னால் போதும், வந்துவிடும்.

* சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு என்ன திருஷ்டி என்று கேட்பவர்கள் ஜீவனஹள்ளிப் பக்கமே வந்ததில்லை.

3

க்ளென் என்று ஒரு கோச்சை வைத்து ஒரு பக்கத்துக்கு அறிவுரை எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது. அவரைக் கதையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மாநிலப் போட்டிக்கு முந்தின நாள் அம்மாவும் பெண்ணும் மட்டும்.

"இந்த வாட்டி யார்கிட்டயும் சொல்லாதம்மா."

"சொல்லியாச்சே. பக்கத்து வீட்டு ஷோபா கேட்டா, சொல்லிட்டேன்."

"எனக்கு வலிக்கலையேம்மா."

"வலிக்கலன்னா நல்லதுதானே. சொன்னா என்ன கொறஞ்சிடப் போவுது?"

என்ன குறையும் என்று ஆஷாவுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அந்த வலியை நம்பியே ஓடியிருக்கிறாள். முழு மூச்சாக ஓடினால் தன்னால் எவ்வளவு முடியும் என்று அவளுக்கே தெரியாது. அடுத்த மாதம் வேலைக்குப் போகிறாள், இதில் தேறாவிட்டால் இதுதான் கடைசி ஓட்டம். தெரியாமலே போய்விடுமோ என்று பயம். தெரிந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

4

மறுநாள், கண்டீரவா ஸ்டேடியம். முதல் மூன்று பேருக்குத்தான் தேசியப் போட்டி. ஓடுவதற்கு முன் உட்காரவைக்கும் இடத்தில், கூட ஓடப்போகிற ரக்ஷா, கால் எப்படி இருக்கிறது என்று கன்னடத்தில் விசாரித்தாள். "காலு ஹேகிதே, அக்கா?"

[அதிசயமாக அன்று ஆஷாவின் தொடையில் வலியே] பொய். வலி சுருக்கென்று வந்தது. ஆனாலும், "சென்னாகிதே" என்றாள். நன்றாக இருக்கிறது என்று வெளியாளிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு ஓடுவதைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடமில்லை.

5

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் ஜெயிக்கிறாள், சினிமா. இன்னொன்றில் நிஜமாகவே சதை பிடித்துக்கொள்கிறது. எழுதும்போது ரொம்ப ரசித்தேன், அதனாலேயே சந்தேகம் வந்தது. மூன்றாவது, துப்பாக்கி வெடித்ததும் நிறுத்தி மிச்சத்தை உங்கள் தலையில் கட்டுவது. அதுதான் பிடித்திருந்தது. முடிவே எழுதாதவனை மோசமாக முடித்தான் என்று யார் சொல்ல முடியும்? அப்புறம்தான் உறைத்தது, இது என்னுடைய கால் வலி என்று.

அதனால் எழுதிவிடுகிறேன். முழு மூச்சாக ஓடினாள். கடைசி வளைவுவரை மூன்றாவதாக இருந்தாள். ரக்ஷா தாண்டிப் போனாள். ஆஷா நான்காவது. அவள் ஓடியதிலேயே வேகமான ஓட்டம் அது. போதவில்லை.

வெளியே வந்து அம்மாவுக்கு போன் செய்தாள்.

"விடு, போனா போவுது," என்றார் ரஞ்சிதம். "அந்தக் கால வச்சிக்கிட்டு இவ்ளோ ஓடனதே பெருசு. ஷோபா கேட்டா அப்படியே சொல்லிடறேன்."

"கால் நல்லா இருந்துச்சும்மா."

"அப்ப என்னன்னு சொல்லட்டும்?"

"நாலாவது வந்தாள்னு சொல்லு. அவளால அவ்ளோதான் முடிஞ்சுதுன்னு சொல்லு."

சாயங்காலம் ஷோபா வந்து கேட்டாள். ரஞ்சிதம் என்ன சொன்னார் என்பதை மட்டும் உங்களிடம் விடுகிறேன். சாக்கு இல்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.