ஸ்பான்சர் பெரியப்பா

கையெழுத்துப் போட நல்ல பேனா வேண்டும் என்று வள்ளல் சொல்லிவிட்டார். விசா ஏஜென்ட் நீட்டிய பேனாவை இரண்டு விரலால் வாங்கி, ஏற இறங்கப் பார்த்து, செத்த பல்லியைத் தருவதுபோலத் திருப்பித் தந்தார். கல்லாவுக்குப் பின்னாலிருந்த கண்ணாடி அலமாரி திறக்கப்பட்டது. உள்ளேயிருந்து வெல்வெட் பெட்டி வந்தது. பெட்டிக்குள் பேனா. பேனாவில் மை இல்லை. மை வாங்க ஆள் போய்த் திரும்பும்வரை, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவின் நுனியில் மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். வள்ளல் அவருடைய உடன்பிறந்த அண்ணன். மூன்று மாடி ஃபர்னிச்சர் கடைக்கு முதலாளி. வள்ளல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கடைத் திறப்பு விழா நோட்டீஸில் அவரே போட்டுக்கொண்டது. வாழ்நாளில் அவர் இலவசமாகக் கொடுத்த முதல் பொருள் அந்தப் பட்டம்தான். அதையும் வெளியாளுக்குக் கொடுக்கவில்லை.

கையெழுத்துக்கு வந்த காகிதத்தில், தம்பி மகன் வெளிநாட்டில் படித்து முடிக்கும்வரை ஆகும் கல்லூரிக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு என்று எழுதியிருந்தது. கூடவே வள்ளலின் வங்கிக் கணக்கு நகல்.

"இது சும்மா காட்டறதுக்குத்தான் சார். உங்க கணக்குல பணம் இருக்குன்னு விசா ஆபீஸ்ல பார்த்தா போதும். பணம் இருந்த இடத்துலயே இருக்கும்" என்றார் ஏஜென்ட்.

"இருந்த இடத்துலயே இருக்கும்னா எவ்வளவு வேணும்னாலும் காட்டுங்க. நமக்கு என்ன குறைச்சல்?" என்று வள்ளல் கையெழுத்தைப் போட்டார். மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு அவர் பிறகு நிறைய வருத்தப்பட்டார்.

பையன் விமானம் ஏறினான். சொந்த வீடு கைமாறியது. மெக்கானிக்கும் மனைவியும் ஒரு கார் ஷெட்டின் மேலே இருந்த ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். மனைவி ஆஸ்பத்திரி லாண்டரியில் விரிப்பு மடிக்கும் வேலையில் சேர்ந்தாள். லிஃப்டில் ஒரு பக்கம் பெட்டி மேலே போனால் மறுபக்கம் இரும்புக் கட்டிகள் கீழே இறங்கும். ஏறுகிறவர்கள் கண்ணில் அது படாது. மெக்கானிக்குக் குடும்பமும் அப்படித்தான் நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. ஆனால் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால், நான் கட்டியா என்று கேட்பாள்.

வள்ளலின் வங்கிப் பணம் மட்டும் சொன்னது சொன்னபடி இருந்த இடத்திலேயே இருந்தது. வாய்தான் இருந்த இடத்தில் இருக்கவில்லை. முதல் மாதம், "நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அது நிஜம். அடுத்து, "நான்தான் பொறுப்பு" என்றார். அதுவும் காகிதப்படி நிஜம். பிறகு, "நான்தான் அனுப்பி வச்சேன்". அதற்குப் பிறகு, "தம்பி பையனை நான் படிக்க வைக்கிறேன், அவன் பாவம், லிஃப்ட்டுக்கு எண்ணெய் போடறவன், அவனால எங்க முடியும்?" ஸ்பான்சர் கடிதத்தின் நகல் கண்ணாடிச் சட்டம் போட்டு, தேக்குக் கட்டில்களுக்கு மேலே, விலைப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. பொய் சொல்கிறவனுக்கு எப்போதாவது நாக்குக் குழறும். வள்ளலுக்குக் குழறவில்லை. அதற்குள் அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

"உங்க அண்ணன்தான் எல்லாம் கட்டுறாராமே? அப்புறம் நான் எதுக்குங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடணும்? நாளையிலேருந்து காலை நீட்டிப் படுத்துக்கறேன்" என்றாள் மனைவி.

"மெதுவா பேசு."

"ஏன், கீழ இருக்கற காருக்குக் கேட்டுடுமா?"

மெக்கானிக் மெதுவாகப் பேசச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்றைக்கே ஏஜென்ட் வாசல்வரை வந்து எச்சரித்திருந்தார். "ஸ்பான்சர் பணம் தரலன்னு எங்கயாவது பேச்சு அடிபட்டுச்சுன்னா பையன் விசா அவ்வளவுதான். வயித்தெரிச்சல்ல எவனாவது எழுதிப் போட்டுடுவான்." ஆகவே அண்ணன் புளுகும்போதெல்லாம் தம்பி பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டியிருந்தது. மறுத்தால் மகன் மாட்டிக்கொள்வான். ஆட்டி ஆட்டி, தலைக்கு அது பழகியும்விட்டது.

இப்படியே ஓடி, கடைசி டேர்ம் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கல்லூரி வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணத்தை ஏற்றியது.

"இன்னும் ஒரே டேர்ம்தான்ப்பா. மாசக் கடைசிக்குள்ள கட்டலன்னா பேரை எடுத்துடுவாங்க. பேரை எடுத்தா விசாவும் போச்சு" என்றான் மகன். "நான் குடோன்ல எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் கேட்டிருக்கேன். தூங்காம பார்த்தா பாதி தேத்திடலாம்."

"தூங்காம எப்படிடா பரீட்சை எழுதுவே?"

"அதான் தெரியலப்பா."

மீதிப் பாதிக்கு மெக்கானிக் தன் கம்பெனித் தொழிலாளர் கடன் சங்கத்துக்குப் போனார். சங்கத்தின் செயலாளர் அம்மா ஸ்டோர் கிளார்க்காகவும் இருப்பவர். கிரீஸ் டப்பாவையும் கடன் பணத்தையும் ஒரே கண்டிப்போடு கொடுப்பவர். "இந்தத் தடவை ஒருத்தருக்குத்தான்ண்ணே பணம் இருக்கு. கதவு ஃபிட்டரும் கேட்டிருக்காரு. ஆனா நீங்க முன்னாடியே கேட்டீங்க. உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். அடுத்த வாரக் கூட்டத்துல பாஸ் பண்ணிடலாம்" என்றார்.

மெக்கானிக் அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

அந்த வாரம்தான் குடியிருப்போர் நலச் சங்கம் வள்ளலுக்கு 'கல்விக் கொடைச் செம்மல்' விருது கொடுத்தது. கேடயத்துக்கும் ஹாலுக்கும் டீக்கும் வள்ளலே பணம் கொடுத்திருந்தார். கல்விக்காக அவர் உண்மையில் செலவழித்த தொகை அதுதான்.

"ரெண்டு நிமிஷம் நீ பேசணும்டா. பயன் அடைஞ்சவங்க பேசினாத்தான் எடுபடும்" என்று ஒரு காகிதத்தைத் தம்பி கையில் திணித்தார். அதில் 'கருணைக் கடல்' என்று இரண்டு இடத்தில் இருந்தது. "அப்புறம், சீட் காலியா இருந்தா அசிங்கம். உங்க கம்பெனி ஆளுங்களையும் கூட்டிட்டு வந்துடு."

கூட்டிக்கொண்டு போனார். செயலாளர் அம்மா, ஃபிட்டர், வயர்மேன் எல்லாரும் யூனிஃபார்மோடு நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடைக்குப் போகுமுன் மனைவி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "மைக்கைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லித் தொலைச்சிடாதீங்க."

உண்மையைச் சொல்லும் எண்ணம் மெக்கானிக்குக் கிடையாது. அவர் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கடன் சங்கம் பாதிதான் தரும். மீதிக்கு மகன் தூங்காமல் இருக்க வேண்டும். ஊர் முன்னால் அண்ணனை மடக்கினால் மகன் தூங்கலாம். இவ்வளவு காலம் தலையாட்டியதற்கு ஒரே ஒரு தடவை கூலி வாங்கினால் என்ன? முதல் கருணைக் கடலைப் படித்தார். இரண்டாவதையும் படித்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காகிதத்தில் இல்லாததைச் சொன்னார்.

"இத்தனை செஞ்சதோட நிக்காம, கடைசி டேர்ம் பணத்தையும் முழுசா நானே கட்டிடறேன்னு அண்ணன் நேத்து சொன்னாங்க. அதை நான் சபையில சொல்லலன்னா நன்றி கெட்டவன் ஆயிடுவேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வள்ளலின் முகம் ஒரு கணம், பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் முகம்போல ஆனது. ஒரே கணம்தான். எழுந்தார், கைகூப்பினார், மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"கடைசி டேர்ம் என்னங்க கடைசி டேர்ம்! அவன் மேல படிக்கணும்னாலும் நான் இருக்கேன்!"

இந்தத் தடவை ஃபிட்டர் எழுந்து நின்றே கைதட்டினான். யாரோ வீடியோ எடுத்தார்கள். மெக்கானிக் மேடையிலிருந்து இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் கடைக்குப் போனார். கேடயம் கல்லாவின் மேல் ஏறியிருந்தது.

"அண்ணே, அந்தப் பணம்…"

"எந்தப் பணம்?"

"மேடையில சொன்னீங்களே."

வள்ளல் தம்பியைப் பரிதாபமாகப் பார்த்தார். "டேய், நீ மேடையில ஒண்ணு சொன்னே. உன் மானம் போகக் கூடாதுன்னு நானும் ஒண்ணு சொன்னேன். நியாயமா பார்த்தா நான் உன்னைக் கோவிச்சுக்கணும். கோவிச்சுக்கிட்டேனா? அதெல்லாம் காட்டறதுக்குடா. உனக்குத் தெரியாததா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "பையன் படிச்சிட்டு வந்தான்னா ஒரு ஸ்டடி டேபிள் எடுத்துக்க. அடக்க விலைக்குத் தர்றேன்."

சரி, பாதியாவது இருக்கிறதே என்று மெக்கானிக் ஸ்டோருக்குப் போனார். செயலாளர் அம்மா அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

"நல்லா பேசினீங்கண்ணே! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. உங்களுக்குத்தான் இனிமே கவலை இல்லையே, அதனால இன்னிக்குக் காலையிலயே கூட்டத்தைக் கூட்டி ஃபிட்டருக்குக் குடுத்துட்டோம். அவர் சம்சாரத்துக்கு ஆபரேஷன், தள்ளிப் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம்."

அதற்குள் ஃபிட்டரே வந்துவிட்டான். மெக்கானிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை ஈரமாக இருந்தது. "உங்க அண்ணன் நல்லா இருக்கணும்ண்ணே. அவர் குடுக்கப்போய்த்தான் எனக்குக் கிடைச்சுது."

"நல்லா இருக்கட்டும்" என்றார் மெக்கானிக்.

பிறகு போன இடமெல்லாம் அதே கதைதான். வட்டிக்கு விடுகிறவர், "கோடீஸ்வரன் தம்பி என்னைச் சோதிக்கறியா?" என்று சிரித்தார். மனைவியின் தம்பி, "மாமா, அந்த மனுஷன் சபையில வாக்குக் குடுத்திருக்காரு. இப்ப நான் நடுவுல பூந்து குடுத்தா அவரை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்" என்று மிகுந்த பண்போடு மறுத்தான். மனிதர்கள் இவ்வளவு நாசூக்காகக் கைவிரித்து மெக்கானிக் பார்த்ததில்லை.

மாசக் கடைசி நெருங்கியது. மகனிடமிருந்து போனே இல்லை. இவரே கூப்பிட்டார்.

"எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் கிடைச்சுதாடா?"

"அதை அன்னிக்கே வேண்டாம்னு சொல்லிட்டேன்ப்பா." மகனின் குரல் தெளிவாக, நன்றாகத் தூங்கியவன் குரலாக இருந்தது. "வீடியோ பார்த்தேன்ல. பெரியப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பேசும்போது அழுதுட்டேன்ப்பா. இவ்வளவு நாள் அவரைத் தப்பா நெனச்சிட்டேனேன்னு. எப்பப்பா கட்டுறாங்க?"

மெக்கானிக் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். கீழே யாரோ பட்டனை அழுத்த, சக்கரம் சுழன்று கயிறு ஓடியது. அது நிற்கும்வரை கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னார்.



"நீங்களா சொன்னதாப்பா? அவர் நேத்து சொன்னாருன்னு சொன்னீங்களே, அது?"

"நான்தான்."

"சரிப்பா" என்றான் மகன். திட்டியிருந்தால் தேவலை.

அழுகையோடு வந்த அந்த வாய்ஸ் மெசேஜை வள்ளல் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அதைக் கேட்டு ஒரு அம்மா டைனிங் டேபிளுக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுத்தாளாம்.

கெடு முடிந்தது. பெயரை எடுத்தார்கள். மகன் திரும்பி வந்த அன்று வள்ளல் தன் காரோடு விமான நிலையத்துக்கே வந்துவிட்டார். வராவிட்டால் ஊர் என்ன சொல்லும்? இளைத்துக் கறுத்திருந்தவனைக் கட்டிப்பிடித்து, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "போனது போகட்டும்டா. என் பணம்தானே? உன் தலையில எழுதலன்னா நான் எவ்வளவு கொட்டி என்ன?" என்றார். பெட்டியை டிக்கியில் ஏற்றும்போது அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் மெக்கானிக்குக் கழுத்து வலித்தது. இனி விசா இல்லை; பயம் எதற்கு? கார் பெரிய சாலைக்கு வந்ததும் சொல்லிவிட்டார்.

"அண்ணே, இவன் படிப்புக்கு நீங்க ஒத்தக் காசு குடுக்கல."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். வள்ளல் மெதுவாகத் திரும்பினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கண்ணில் நீர் திரண்டது, அசல் நீர். உதடு துடித்தது. "கூடப் பொறந்தவனுக்குச் செஞ்சா இதான் மிச்சம்" என்றார், குரல் உடைந்து.

"ஊரே பார்த்துச்சு அந்த வீடியோவை. இப்படியும் இருக்காங்க" என்றான் டிரைவர்.

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுய்யா" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

முன்சீட்டிலிருந்து மகன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "குடிங்க பெரியப்பா. அப்பா ஏதோ மனக்கஷ்டத்துல பேசறாரு."

கார் ஷெட் வாசலில் இறக்கிவிட்டபோது வள்ளல் தேறியிருந்தார். "திங்கக்கிழமை கடைக்கு வந்துடு. நான் படிக்க வச்ச பையன் தெருவுல நிக்கக் கூடாது. சம்பளத்தைப் பத்தி நீ பேசாதே. செலவு பண்ணதைப் பத்தி நானும் பேச மாட்டேன்."

இரும்புப் படியேறி மகன் அறை வாசலில் நின்றான். பெட்டியை உள்ளே வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. ஆள் நின்றால் பெட்டிக்கு இடமில்லை. பெட்டியை வெளியே விட்டான்.

"நீயும் அவர் சொல்றதை நம்பறியாடா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"இல்லப்பா. பெரியப்பா பணமா இருந்தா துண்டு துண்டா, நாள் தள்ளித் தள்ளி வந்திருக்காது."

"அப்புறம் ஏன்டா தண்ணி குடுத்தே?"

மகன் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "பாதிப் படிப்புக்கு வேற யாருப்பா வேலை குடுப்பாங்க?"

"கடையில என்ன வேலையாம்?" என்றாள் அம்மா.

"டெலிவரி. ஏர்போர்ட்லயே காதுல சொல்லிட்டாரு. கட்டில், பீரோ எல்லாம் மாடிக்கு ஏத்தணும்."

"லிஃப்ட்ல ஏத்த விடமாட்டாங்க" என்றார் மெக்கானிக், பழக்க தோஷத்தில்.

"தெரியும்ப்பா" என்றான் மகன். "சாமான் ஏத்தக் கூடாதுங்கற போர்டை நீங்கதானே மாட்டுறீங்க."

அம்மா அருகே வந்தாள். அவன் முதுகுக்குத் தாங்குமா என்பதுபோல, சட்டைக்கு மேலாகவே தோள்பட்டை எலும்பைத் தடவிப் பார்த்தாள்.