ஃப்ரிட்ஜ் என்று சொன்னது யார்?

பிரஸ்ஸல்ஸில், எந்த நாடு எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று பிரிக்கும் ஒதுக்கீட்டுக் கூட்டம். மேலே கண்ணாடி அறைக்குள் கிரீத்தும் நானும். பிரதிநிதிகள் பேசப் பேச நாங்கள் டச்சு மொழியில் சொல்வோம். வேண்டியவர்கள் காதில் கருவியை மாட்டிக் கேட்பார்கள். பின்லாந்து மொழி அவள் பொறுப்பு. அவளுடைய அம்மா பின்லாந்தில் ஒவுலு ஊர்க்காரி.

தலைவர் ஐந்து நிமிடம் இடைவேளை விட்டார். கிரீத் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு, எந்த நாடு எந்தச் சாமான் மாதிரி என்று ஆரம்பித்தாள்.

"ஜெர்மனி ஆபீஸ் பிரிண்டர்டா. பேப்பர் இருக்கும், மை இருக்கும். ஏதோ ஒரு மூடி சரியா மூடலைன்னு அடம் புடிக்கும்."

"நம்ம பெல்ஜியம்?"

"டிவி ரிமோட். பேட்டரி ஒருத்தன்கிட்ட, மூடி இன்னொருத்தன்கிட்ட. ரெண்டு பேரும் சமாதானம் ஆகறதுக்குள்ள படமே முடிஞ்சிரும்."

"பின்லாந்து?"

"ஃப்ரிட்ஜ். சத்தமில்லாம ஓடும். திறந்தா லைட்டும் எரியும். ஆனா எவ்வளவு நேரம் முன்னாடி நின்னாலும் 'வா, உக்காரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லாது."

நான் மேஜைமேல் கவிழ்ந்து சிரித்தேன். நிமிர்ந்தபோது கீழே சிலர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முழங்கையின் கீழ் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. டச்சுக்காரர் ஒருவர் சிரித்தபடி பின்லாந்துப் பிரதிநிதி சாலொன்பாவின் காதில் ஏதோ சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

கூட்டம் தொடங்கியதும் முதலில் கையைத் தூக்கியது அவர்தான். பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் பேசியதைக் கிரீத் டச்சில் சொன்னாள்:

"என் நாட்டை இங்க கேலி பண்ணியிருக்காங்க. எனக்கு அவமானமா இருக்கு. சொன்னவங்க வெளிய போற வரைக்கும் நான் ஒதுக்கீட்டைப் பத்திப் பேசப் போறதில்லை."

குரல் பிசகவில்லை.

"யார் சொன்னது?" என்றார் தலைவர்.

"மொழிபெயர்ப்பாளர் பேசறேன். சொன்னது நான்தான்."

என் பெயரை அவள் எடுக்கவில்லை. அப்போதே நான் வாய் திறந்திருக்கலாம். தண்ணீர் குடித்தேன். வெளியேறும்படி தலைவர் சொன்னார். அவள் பையை எடுத்து எழுந்த பிறகுதான் என் கை மைக்குக்குப் போனது.

"கேட்டுக் கேட்டுச் சொல்ல வச்சது நான். மைக்கைத் திறந்து விட்டதும் என் முழங்கைதான். அவங்களை அனுப்பினா என்னையும் அனுப்புங்க. இன்னொண்ணு, அவங்க அம்மா ஒவுலுக்காரங்க."

சாலொன்பா காதுக் கருவியைக் கழற்றி, நான் சொன்னதை டச்சுக்காரரிடம் தெரிந்துகொண்டு, மேலே பார்த்து, தன் மொழியில் என்னவோ கேட்டார். கிரீத் நின்றபடியே பதில் சொன்னாள். இன்னொரு கேள்வி, இன்னொரு பதில். மற்றவர்கள் கருவியைத் தட்டிப் பார்த்தார்கள். அதை மொழிபெயர்க்க அங்கே வேறு ஆள் இல்லை.

"தொடரலாம்" என்றார் அவர், ஆங்கிலத்தில்.

அவள் உட்கார்ந்து மாலைவரை வேலை செய்தாள். மறுநாள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தாழ்வாரத்தில் கேட்டேன்:

"அவரு என்ன கேட்டாரு?"

"அம்மா எந்தத் தெருன்னு." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நான் பையைத் தூக்கற வரைக்கும் உனக்கு தாகம், இல்ல யோஸ்ட்?"

அடுத்த வாரத்திலிருந்து அவள் வேறொருவருடன் உட்காரக் கேட்டு மாறிக்கொண்டாள்.