ஆதியம்மாள் வீட்டு உத்தரம்

"கழட்டினா வூடு வுழுந்துடும்னு சொல்றேன், நீ இன்னாடான்னா..."

"கழட்டாம பாலம் முழுசாகாதும்மா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"உன் பாலம் முழுசாக, என் வூடு மொட்டையாவணுமா?"

வினை மீன்குழம்பில்தான் ஆரம்பித்தது. கால்வாய்மேல் நிற்கும் பழைய இரும்புப் பாலத்தைப் புதுப்பிக்க, கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிற இன்ஜினியர் சம்பத்துக்கும் அவர் ஆட்களுக்கும் ஆதியம்மாள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. அன்றைக்கு உறைப்புத் தாங்காமல் மூஞ்சியை மேலே தூக்கி "உஸ்" என்ற சம்பத், தூக்கினபடியே உட்கார்ந்துவிட்டார். ஓட்டுக்கூரையைத் தாங்கிய உத்தரம் மரமில்லை, இரும்பு. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முனையில் வரிசையாக ரிவிட் ஓட்டைகள். மறுமுனை சுவருக்குள். பாலத்தில் ஒரு சாய்வுச் சட்டம் காணாமல்போயிருந்தது, அது இதுதான்!

"எங்க மாமனார் வச்சதுப்பா அது."

"அவருக்கு எங்கேர்ந்து கெடச்சுது?"

"புயல்ல வுழுந்துது."

"ரிவிட் அடிச்ச இரும்பு தானா விழுமா?"

"வுழுவுற மாதிரி இருந்துது. பாவமேன்னு கழட்டினு வந்தாரு."

"வெள்ளைக்காரன் காலத்துல உப்பு வண்டி போகக் கட்டின பாலம்மா. பழைய சட்டம் கெடச்சா அதத்தான் மாட்டணும்னு உத்தரவு."

"அது இல்லாமலே பாலம் இத்தினி வருசமா நின்னுகினுதானே கீது? என் வூடு நிக்குமா? மழ வேற வந்துகினு கீது."

சம்பத், மேஸ்திரி ஞானதாஸைப் பார்த்தார்.

"அந்தம்மா கேக்கறதும் நியாயந்தான் சார்."

"நீ யார் பக்கம்யா?"

"கொழம்பு பக்கம் சார்."

புது உத்தரம் மாட்டாமல் பழையதைத் தொடக்கூடாது என்றாள் ஆதியம்மாள், கடைசியில் அவள் சொன்னதுதான் நடந்தது. கூரையை ஜாக்கி வைத்துத் தூக்கி, முதலில் புது உத்தரத்தை மாட்டினார்கள். அப்புறம்தான் பழையதை இறக்கிக் கிடத்தினார்கள். ஓர் ஓடுகூட உடையவில்லை. ஞானதாஸ் டேப்பை எடுத்தார்.

"யோவ், இன்னா பண்ற?"

"நீளம் பாக்கறேம்மா."

"படுத்துகினு கீறத அளப்பியா? பொணத்தத்தான்யா அப்பிடி அளப்பாங்க. நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கும்புட்ட இரும்பு அது. டேப்பு பட்டுதுன்னா கைய ஒடச்சிடுவேன்."

"விடுய்யா," என்றார் சம்பத். "பாலத்துலேர்ந்து வந்தது பாலத்துக்குப் பொருந்தாமப் போயிடுமா?"

கற்பூரம் காட்டி, மாலை போட்டு, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவள் மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டே ஆதியம்மாள் பின்னால் போனாள். கிரேன் தூக்கியது. மேல்முனை கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கீழ்முனை மட்டும் மூன்று முழம் எட்டாமல் காற்றில் ஆடியது.

கை தட்டல் நின்றது. சம்பத் குனிந்து பார்த்தார். ரம்பம் போட்ட தடம்.

"உங்க மாமனார் அறுத்தாராம்மா?"

"பின்ன? வூட்டுக்கு நீளமா இருந்துதே."

"மீதி?"

ஆதியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுப்படி வாசலுக்கு மேல கீது சார், செவுத்தோட சேத்துப் பூசிக்கீது. புது அடுப்படி எப்ப கட்டித் தர்ற?"