வாளிக்குப் பூசுகிற மருந்து

ஃபராமர்ஸுக்கு வயது இருபது. பார்த்தால் பத்து என்பார்கள். குரல் பிள்ளைக் குரல், மேலுதட்டில் பூனை மயிர்கூடக் கிடையாது. ஈரானில் ஷிராஸுக்குத் தெற்கே அந்த ஊரில் எந்தப் பெண்ணும் அவனைக் கண்டு முக்காட்டை இழுத்துவிட்டதில்லை. தொட்டிலிலேயே அவனுக்கென்று பேசி வைத்த மாமன் மகள் மாஹ்பீபியும்தான். அவன் எதிரிலேயே தலையை விரித்துப் போட்டுச் சீவுவாள். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும்.

“அடுத்த நவ்ரூஸ் புத்தாண்டு வரைக்கும் பாப்பேன், மாப்ளே. அப்புறம் வேற இடம் பாத்துருவேன். வருத்தப்படாதே” என்று மாமா சொல்லிவிட்டார்.

அம்மா அவனை ஷிராஸ் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

“என்னப்பா சாப்பிடுவே?” என்றார் டாக்டர்.

“ரொட்டிதான், வேறென்ன?” மாவைப் புளிக்க வைக்காமல் சுட்ட முழுக்கோதுமை ரொட்டி. களிமண் தின்பதையும் தலைகுனிந்து சொன்னான்.

“கறி?”

“பெருநாளைக்கு.”

“உடம்புல துத்தநாகம் பத்தல தம்பி. வர்ற கொஞ்சத்தையும் அந்த ரொட்டியும் மண்ணும் பிடிச்சு வெச்சுக்குது. அது இல்லாமத்தான் ஆண்மைச் சுரப்பு ஊறல, எலும்பு நீளலன்னு நெனைக்கிறேன். எனக்கே இது புதுசு. குடுத்துப் பாப்போம்.”

அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். “அட பாவிங்களா! துருப்பிடிக்காம இருக்க வாளிக்குப் பூசுறதையா எம்புள்ள வயித்துல பூசப் போறீங்க?”

மாத்திரையும் கறியும் கொடுத்து அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாதங்கள் போகப்போகக் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியது. உதட்டின் மேல் ஏதோ சொரசொரத்தது. ஃபராமர்ஸ் அதைத் தடவித் தடவிப் பார்த்தான், பயமாகக்கூட இருந்தது. அடேயப்பா! சிட்டிகையளவு மருந்து. இத்தனை வருடம் அவனைப் பூட்டி வைத்திருந்தது இது இல்லாத குறைதானா? ராத்திரி வார்டில் படுத்துத் தன் கைகளையே வேற்று ஆள் கைகளைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நவ்ரூஸுக்கு முன்பு ஊர் திரும்பினான். நேரே மாமா வீட்டு வாசல்.

“மாமி!”

உள்ளே மாமி பதறினாள். “யாரோ ஆம்பள வந்திருக்கான், முக்காட்டைப் போடுடி!”

“நான்தான் மாமி, ஃபராமர்ஸ்.”

“எந்த ஃபராமர்ஸ்?” எட்டிப் பார்த்தவள் கன்னத்தில் அறைந்துகொண்டாள். “என் தலையில மண்ணு விழ! நம்ம பொடியனா இது?” சிரித்துக்கொண்டே தன் முக்காட்டைத் தளர்த்தினாள்.

பின்னால் நின்ற மாஹ்பீபி தளர்த்தவில்லை. அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஃபராமர்ஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுகையும் கட்டைக் குரலில்தான் வந்தது.