கடைசி வரியில் மொக்கையன்

"எம் பேரக் கடைசில போடாதன்னு சொன்னேனா இல்லையா?"

"யக்கா, யாராச்சும் ஒருத்தர் கடைசில வரத்தான செய்யணும்?"

"அது ஏன் நானா இருக்கணும்? போன வருசம் எம் மூட்ட மட்டும் சீட்டில்லாமக் கெடந்துச்சு. பத்து நாளு காயப்போட்ட வத்தல எவனோட ஈர வத்தலோடயோ சேத்துக் கொட்டிட்டீக."

"அதான் இப்ப ஒங்களுக்குக் கீழ மொக்கையன்னு ஒரு பேரு அடிக்கிறேன்ல. பொறவு என்ன?"

வீரசோழனில் மைதீன் பிச்சை பாயின் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போது இது காதில் விழுந்தது. சண்டை பிடித்தது பரளச்சியிலிருந்து வத்தல் கொண்டுவரும் குருவம்மாள். பதில் சொன்னது கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஷஹீனா.

நான் சுந்தரபாண்டி. அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மூட்டையில் ஒட்டும் பெயர்ச்சீட்டை அச்சடிக்க, லினக்ஸில் ஓடும் 'மூட்டைச்சீட்டு' செயலியை எழுதி, நிரலோடு இணையத்தில் இலவசமாகப் போட்டவன். இரண்டு வருடமாகச் சோதனைப் பதிப்புதான். வரும் ஞாயிற்றுக்கிழமை முதலாவது நிலையான பதிப்பு, 1.0, வெளியிடுவதாக அறிவித்து, குறை இருந்தால் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தேன். ஒரு குறைகூட வரவில்லை. சரி, தேறிவிட்டது என்று நம்பி, வெளியீட்டுப் பக்கத்தில் போட ஒரு போட்டோ எடுக்கத்தான் அங்கே போனேன்.

"மொக்கையன் யாரும்மா?" என்று கேட்டேன்.

"அப்பிடி ஆளே கெடையாதுண்ணே. கடைசிப் பேரு பிரிண்டுல வராதுல்ல? அதுக்குத்தான்."

உட்கார்ந்து பார்த்தேன். கடைசிப் பெயரை அடித்துவிட்டு என்டர் தட்டாமல் நேராக பிரிண்டை அமுக்கினால் அந்த வரி விட்டுப்போகிறது. என் கை தானாக என்டர் தட்டிவிடும். அதனால் இரண்டு வருடமாக எனக்குத் தெரியவே இல்லை.

"பாய், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"தம்பி, சும்மா குடுத்த பொருளு. அதுல போயி நொட்ட சொல்லுவாகளா? பந்தில ஒக்காந்துக்கிட்டு உப்பு பத்தலன்னு கத்துன மாதிரி ஆயிரும்ல."

அங்கேயே நிரலைத் திருத்தி அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஷஹீனா அன்றைய முப்பத்தொரு மூட்டைக்கும் பெயர் அடித்தாள். பழக்கத்தில் அடியில் மொக்கையனையும் அடித்தாள். முப்பத்திரண்டு சீட்டு வந்தது. அடுக்கில் கடைசிச் சீட்டுதான் மேலே இருக்கும். லோடுமேன் சின்னத்துரை, மொக்கையன் வந்த பிறகு பெயரைப் பார்த்து ஒட்டுவதை விட்டிருந்தார்; வாசல் பக்கத்துக் கடைசி மூட்டையிலிருந்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போனார். அத்தனை மூட்டையிலும் பெயர் ஒரு ஆள் தள்ளிப் போய்விட்டது.

"ஏத்தா ஷஹீனா, மொக்கையன் எப்ப எங்காட்டுல வத்தல் பறிச்சான்?" என்றார் குருவம்மாள்.

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாச் சீட்டையும் பிய்த்து மறுபடி ஒட்டினோம்.

"இருந்துட்டுப் போகட்டும் தம்பி, பழைய மாதிரியே வச்சிருங்க. பழகிருச்சு" என்கிறார் பாய். "எம் பேரு ஒழுங்கா வரணும், ஆமா" என்கிறார் குருவம்மாள். இனிமேல் கடைசிப் பெயரும் அச்சாகும் என்று திரையில் ஒரு அறிவிப்பு வைக்கட்டுமா என்று ஷஹீனாவிடம் கேட்டேன். "அதெல்லாம் யாருண்ணே வாசிப்பா? மூடிட்டு அடுத்த வேலையப் பாப்போம்."

வெளியீட்டுக்கு இன்னும் இரண்டு நாள். பழையபடி விட்டால் புதிதாக வருகிறவர்கள் கடையில் கடைசி ஆளின் மூட்டை பெயரில்லாமல் போகும். திருத்தினால் பழகிய கடைகளில் ஒருவர் வத்தல் இன்னொருவர் பெயரில் போகும். இதுவரை அறுநூறு பேருக்கு மேல் செயலியை இறக்கியிருக்கிறார்கள். யார், எந்த ஊர் என்று தெரியாது. அவர்களும் பாய் மாதிரியே வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்களோ? கடைசி வரியில் யார் யார் என்ன பெயர் போடுகிறார்களோ? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இதைப் பயன்படுத்துகிறவர்கள் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். உங்கள் கடையில் கடைசி வரிக்கு என்ன செய்கிறீர்கள்? நான் திருத்தட்டுமா, விடட்டுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.